இரவல் இருட்டு

விண்மீன் மண்டலங்களுக்கு வரன் பார்க்கும் போட்டோவைக் கொரட்டூரில் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். எங்கள் வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவில், நாலு பேர் நிற்கிற அளவுக்கு இடம் இருக்கிறது. ஸ்டாண்டை அங்கே ஊன்றிக் கேமராவை அண்ணாந்து வைத்தால் மோட்டார் ரூம் சுவர் விழாது, பக்கத்து வீட்டு ஏசிப் பெட்டியும் விழாது. பெண் மட்டும் விழுவாள்.

மலைப்பக்கம் போய் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே வெளிச்சமே கிடையாது, படம் தெளிவாக வரும் என்பார்கள். தெளிவாக வரும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மலையில் எடுத்தால் கூப்பிடாதவர்கள் எல்லாம் வந்து விழுந்துவிடுகிறார்கள். பெண்ணுக்குப் பின்னால் பெரியப்பா, பங்காளி, வழியில் போகிறவர் என்று வானம் நிறைய ஆள். மாப்பிள்ளை வீட்டில் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு இதில் பெண் யார் என்று கேட்கிறார்கள். ஒரு தடவை, பின்னால் சும்மா நின்ற பெரியப்பா மகளைப் பிடித்துப்போய் அவளையே முடித்துவிட்டார்கள். கொரட்டூரில் அந்தப் பயம் இல்லை. இங்கே அழைத்தவள் மட்டும்தான் தெரிவாள். அவளும் அரைகுறையாகத்தான் தெரிவாள். மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

சாயங்காலமானால் எங்கள் பின்பக்கத்தில் வெளிச்சம் விழுந்து தேங்கிவிடும். தெருவிளக்கு வெளிச்சம் காம்பவுண்டுச் சுவர் தாண்டி வழியும். கல்யாண மண்டபத்து சீரியல் செட் வெளிச்சம் மேலிருந்து தூறும். மெயின் ரோட்டு விளம்பரப் பலகை ஒவ்வொரு தடவை ஒவ்வொரு நிறத்தில் கொட்டும். விளக்குமாற்றால் கூட்டிச் சாக்கடைப் பக்கம் தள்ளினால் ஓரளவு போகும். தரையில் ஒட்டியது போகாது. அதன்மேல் இருட்டைப் பரப்பினால்தான் வேலை நடக்கும்.

இருட்டு எங்கள் தெருவில் யார் வீட்டிலும் அதிகம் கிடையாது. ஆளுக்குக் கொஞ்சம் பாத்திரத்தில் மூடி வைத்திருக்கிறோம். ஒருவருக்குத் தேவைப்பட்டால் இன்னொருவர் கொடுப்பார். பரப்பிய இருட்டைத் திரும்ப அள்ள வராது. பாத்திரத்தைத்தான் திருப்பிக் கொடுப்போம். மூடியை இறுக்கமாகப் போட்டு வைத்தால் சில நாளில் மறுபடி ஊறிவிடும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. இரண்டு வாழைப்பழமோ, ஒரு கைப்பிடி கறிவேப்பிலையோ போட்டுத்தான் கொடுப்போம். கறிவேப்பிலையால் இருட்டு கெட்டுப்போவதில்லை.

இருட்டிலும் தரம் இருக்கிறது. எதிர்வீட்டு மெஹருன்னிசாவின் பிரியாணி தேக்சாவில் ஊறுவது கெட்டியான இருட்டு. பட்டை கிராம்பு வாசனை லேசாக அடிக்கும், படத்தில் தெரியாது. பீரோ இருட்டு மெல்லியது. பட்டுப் புடவைகளுக்கு நடுவில் இருந்ததால் மடிப்புக் கோடு விழும். அரிசி டிரம்மில் இருப்பதைச் சலித்துக்கொள்ள வேண்டும், வண்டு இருக்கும். தண்ணீர்த் தொட்டிக்குள் இருப்பதை நான் தொடுவதில்லை. ஈர இருட்டில் எடுத்த படம் ஒரு மாதத்தில் பூஞ்சை பூத்துவிடும்.

கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, துணி உலர்த்தப் போனபோது கல்லின்மேல் ஒரு சின்ன மண்டலம் உட்கார்ந்திருந்தது. உருண்டையாக, வெளுப்பாக, கைக்குட்டையைச் சுருட்டி வைத்ததுபோல இருந்தது. கல்யாணப் பெண்ணுக்குச் சித்தி என்று சொன்னாள். சித்திமார் இப்படித்தான் சின்னதாக இருப்பார்கள். தங்களுக்கென்று பெரிதாக நட்சத்திரம் சேர்த்துக்கொள்ளாமல் அக்கா மகளையே சுற்றிச் சுற்றி வந்து காலம் போய்விடும். நானும் அவளைச் சித்தி என்றே கூப்பிட்டேன். ஈரத் துணியை அவள் மேல் படாமல் வாளியில் திரும்பப் போட்டேன்.

"பாப்பாவுக்கு மூணு போட்டோ எடுத்தாச்சும்மா," என்றாள் சித்தி. "ஒண்ணுல பஞ்சு மாதிரி இருக்கா. இன்னொண்ணுல கண்ணாடியில மூச்சு விட்ட மாதிரி இருக்கா. மூணாவதுல இருக்காளான்னே தெரியல. மாப்பிள்ளை வீட்டுல திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, பொண்ணு எப்ப வருவான்னு கேக்கறாங்க."

"மாப்பிள்ளை வீடு எந்தப் பக்கம்?"

"இவ இருக்கற பக்கம்தான். ரெண்டு வீடு தள்ளி. பெரிய குடும்பம். வெள்ளிக்கிழமைக்குள்ள நல்ல போட்டோ வரலைன்னா வேற இடம் பார்த்துப்பாங்க. சனிக்கிழமை அவங்களுக்கு மார்கழி பொறந்துடுது."

மார்கழி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டார்கள். அவர்கள் வீட்டு மார்கழி ஒரு தடவை பிறந்தால் முடிவதற்குள் நம் சூரியனே அணைந்துவிடும். அதுவரை ஒரு பெண் காத்திருப்பது கஷ்டம். நான் புதன்கிழமை கூட்டி வரச் சொன்னேன். விளக்கு வைத்ததும் வந்துவிட வேண்டும், டிவியில் சீரியல் முடிவதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றேன். வயசுப் பெண் அல்லவா.

புதன்கிழமை சொன்ன நேரத்துக்குப் பாப்பா வந்தாள். மாமரம் இருந்து வெட்டிய இடத்துக்கு நேர் மேலே நின்றாள். நல்ல லட்சணம். நடுவில் சின்னதாக மைப்பொட்டு. அது எல்லாப் பெண்களுக்கும் திருஷ்டிக்காக வீட்டில் வைத்து அனுப்புவது. அதைத் துடைக்கச் சொல்லக் கூடாது, சுற்றியிருக்கிறது எல்லாம் அதை நம்பித்தான் நிற்கிறது.

சித்தி கல்லின்மேல் இருந்தபடியே யோசனை சொன்னாள். "நேரா நிக்க வெச்சா அகலமா தெரிவா. பக்கவாட்டுல திருப்பு. ஒல்லியா ஒரு கோடு மாதிரி இருக்கணும்."

"கோட்டைப் பார்த்துட்டு யார் சித்தி சம்மதம் சொல்வாங்க?"

"அப்படின்னா அந்த இடது ஓரம் மட்டும் விழாம எடு. அங்க கொஞ்சம் மடங்கியிருக்கு. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். கூனல்னு நெனைப்பாங்க."

நான் பார்த்தேன். வாழை இலையின் நுனி காற்றில் திரும்பிக்கொள்வதுபோல ஓர் ஓரம் மட்டும் ஒரு பக்கமாக வளைந்திருந்தது. மங்கலான ஓரம். சாதாரணமாக எடுத்தால் தானாகவே விழாது.

எந்தப் பெண்ணிடமும் சம்மதம் கேட்காமல் நான் படம் எடுப்பதில்லை. சம்மதம் இல்லாதவள் எத்தனை முறை எடுத்தாலும் விழமாட்டாள், இருட்டுதான் வீணாகும். சித்தியிடம் உள்ளே போய்க் காப்பி குடித்துவிட்டு வரச் சொன்னேன். அவள் போனதும் பாப்பாவிடம் கேட்டேன்.

"எனக்குச் சம்மதம்தான், அத்தை," என்றாள். "அவங்க அந்தப் பக்கம் இருக்காங்கன்னுதான் என் ஓரம் சாஞ்சிருக்கு. சித்தி அதைக் கூனல்ங்கறாங்க. வேற யாரு வீட்டுக்கு அனுப்பினாலும் அந்த ஓரம் அந்தப் பக்கமேதான் சாஞ்சிருக்கும். அப்புறம் என்னைக் கட்டிக்கிட்டவங்கதான் பாவம்."

"அந்த ஓரம் படத்துல விழணுமா?"

"அது விழலைன்னா அது என் போட்டோ இல்ல."

சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்ட பிறகுதான் அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அணைத்தேன். பொங்கவில்லை. சித்தி அதன் பக்கத்தில் உட்கார்ந்து கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருட்டு வாங்கக் கிளம்பினேன். மெஹருன்னிசா தேக்சாவைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். "வெள்ளிக்கிழமை எங்க வீட்ல விருந்து இருக்குக்கா, அதுக்குள்ள தேக்சா வந்துடணும். கல்யாணப் பொண்ணு யாரு?" என்று கேட்டாள். மேலே காட்டினேன். "நல்லா இருக்கா. கொஞ்சம் சோர்ந்த மாதிரி இருக்கே, சாப்பிடறதில்லையா?" என்றாள். பக்கத்து வீட்டில் அரிசி டிரம்மையும் தெருக்கோடி வீட்டில் இட்லிக் குண்டானையும் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் கொண்டு வந்து வாசனை போக ஒரு நிமிடம் திறந்து வைத்து, பிறகு ஓரத்திலிருந்து நடுவுக்கு, கோலமாவு தூவுவதுபோல மெல்லியதாகப் பரப்பினேன்.

ஒரு படம் எடுத்ததும் பளீரென்று வெளிச்சம் அடித்தது. பின்பக்கத்து அடுக்குமாடி விளக்கு. அங்கே செக்ரட்டரியாக இருக்கும் தணிகைவேலு மாடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"அணைக்க முடியாதுக்கா. அது சென்சார் லைட்டு. பூனை குறுக்கே போனா தானா எரியும்."

"பூனையைப் போகாம இருக்கச் சொல்லுங்க, தம்பி."

"அது எங்க அசோசியேஷன்ல மெம்பர் இல்லக்கா. நான் எப்படிச் சொல்றது?"

அவர் சொன்னது நியாயம்தான். ஒரு நெத்திலிக் கருவாட்டுத் துண்டைச் சுவரின் மூலையில் வைத்தேன். பூனை வந்து அதன் எதிரில் உட்கார்ந்துகொண்டது. அது நிதானமாகச் சாப்பிடும் பூனை. விளக்கு அணைந்தது.

இந்தத் தொழிலில் ஒரு படத்தால் ஒன்றும் ஆகாது. ஒரே பெண்ணை அதே இடத்தில் நிற்க வைத்துத் திரும்பத் திரும்ப எடுத்து, புடவையை மடிக்கிறபோது ஓரத்தோடு ஓரம் சேர்ப்பதுபோல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அடுக்க அடுக்க முகம் எழும்பி வரும். இடையில் கேமராவுக்கு மூடி போட்டு ஒன்றுமில்லாததையும் சில படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கேமராவுக்கென்று சில அழுக்கு இருக்கும். அதைப் பெண்ணின் அழுக்கு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

படங்களை அடுக்கிப் பார்த்தபோது பாப்பா எழும்பி வந்தாள். நடுப்பகுதி முழுக்க வந்துவிட்டது. அந்த இடது ஓரம் மட்டும் வரவில்லை. அந்த மூலையில் இருட்டு போதவில்லை. அரிசி டிரம்மை விரலால் வழித்துத் தடவினேன். அப்போதும் போதவில்லை.

"போதும்மா, நல்லா வந்திருக்கு," என்றாள் சித்தி. "அதான் நான் சொன்னேனே. அந்த ஓரம் இல்லாமலே லட்சணமா இருக்கா."

பாப்பா கொஞ்சம் மங்கினாள்.

எனக்கு எப்போதும் மனசு அடித்துக்கொள்ளும். கேஸை மூடினேனா, கொல்லைக் கதவைத் தாழ் போட்டேனா, லென்ஸில் பனி இறங்குகிறதா என்று. ஆனால் எடுக்கிற படத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது கிடையாது. அந்த ஓரம் வரும் என்று எனக்குத் தெரியும். இருட்டு எங்கே இருக்கிறது என்றுதான் யோசிக்க வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் ரிட்டயர் ஆகும்வரை தகடு அடிக்கிற ஷெட்டில் வேலை பார்த்தவர். அங்கே பேசினால் யாருக்கும் கேட்காது. அதனால் பேசாமலே பழகிவிட்டார். காப்பி குடித்துவிட்டு வந்ததிலிருந்து சித்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் பேசவே மாட்டாரா?"

"தேவைப்பட்டா பேசுவார்."

"இதுவரைக்கும் தேவைப்பட்டிருக்கா?"

"ஒரு தடவை. கேஸ் லீக் ஆச்சு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பிடிபட்டது. இவ்வளவு காலம் மூடியே வைத்திருந்த பாத்திரம் எங்கள் தெருவில் வேறு எதுவும் இல்லை. நான் அவரிடம் போய், "என்னங்க, கொஞ்சம் இடது பக்கமா வந்து உக்காந்து வாயைத் திறங்க," என்றேன்.

அவர் எழுந்து வந்து, துணிக்கல்லில் சித்தி ஒதுங்கிக் கொடுத்த இடத்தில் உட்கார்ந்து, வாயைத் திறந்தார். நான் இந்தத் தொழிலில் பார்த்ததிலேயே நல்ல இருட்டு அதுதான். மடிப்பு இல்லை, வாசனை இல்லை, வண்டு இல்லை. வெளியே வந்து அந்த மூலை முழுக்கப் படிந்து, தெருவிளக்கு வழிந்த இடத்தையும் மூடிக்கொண்டது. நான் வேகமாக எடுத்தேன். அடுக்கினேன். ஓரம் வந்தது. வளைவு, வளைவின் நுனி, நுனிக்கும் அப்பால் அவள் அந்தப் பக்கம் நீட்டியிருந்த மெல்லிய நூல் வரைக்கும் வந்துவிட்டது.

சித்தி படத்தைப் பார்த்தாள். "நீ போட்டோ எடுத்திருக்கியா, எக்ஸ்ரே எடுத்திருக்கியா?" என்றாள். ஆனால் வாங்கிக்கொண்டாள். சனிக்கிழமை மார்கழி பிறக்கப்போகிறது, வேறு வழியில்லை.

பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உள்ளே போய்ப் பார்த்தால் வாழைப்பழம் இல்லை, கறிவேப்பிலை காய்ந்திருந்தது, அரை பாக்கெட் சேமியா மட்டும் இருந்தது. சேமியாவை எப்படிப் பங்கு போடுவது என்று தவித்துக்கொண்டிருந்தேன். பாப்பா பார்த்துவிட்டு, "நான் போடட்டுமா அத்தை?" என்று தன் ஓரத்தை லேசாக உதறினாள். பாத்திரத்துக்கு ஒன்றாக நட்சத்திரம் விழுந்தது. அவளிடம் நிறைய இருந்தது, குறைந்ததாகத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் இன்னும் வாயை மூடவில்லை. அவரும் பாத்திரம் கொடுத்தவர்தானே. நாக்கில் ஒன்று விழுந்ததும் மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சித்தி மறுபடி வந்து கல்லில் உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது. பாப்பாவும் வந்து மேலே ஒதுக்குப்புறமாக நின்றாள். பகலில் அவளைச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

"பழைய போட்டோன்னு சொல்லிட்டாங்க," என்றாள் சித்தி. "இது எப்பவோ எடுத்தது, இப்ப பொண்ணு எப்படி இருக்காளோ யாருக்குத் தெரியும்கறாங்க. சின்ன வயசுப் போட்டோவை அனுப்பி ஏமாத்தறோமாம். அவங்க பையன் போட்டோவையும் திருப்பிக் குடுத்துடச் சொல்லிட்டாங்க. கையில எடுத்துட்டு வந்திருக்கேன், இங்கேர்ந்து நேரா போய் அவங்ககிட்ட குடுத்துடணும்."

வரன் போட்டோ என்றால் இந்தப் புகார் வரும். அதற்காக நான் பயப்படுவதில்லை. விண்மீன் மண்டலத்துக்குப் பழைய போட்டோ தவிர வேறு போட்டோ கிடையாது. வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி இங்கே வந்து சேருவதற்குள் மனிதர்கள் தோன்றி, ஊர் கட்டி, கொரட்டூருக்கு ரயில் விட்டுவிடுகிறார்கள்.

"மாப்பிள்ளை போட்டோவைக் காட்டுங்க," என்றேன்.

பெரிய ஆள். நல்ல களை. இரண்டு படங்களையும் துணிக்கல்லின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவருக்கு வலது ஓரம் மடங்கியிருந்தது. பாப்பா இருக்கும் பக்கமாக.

"இதுவும் பழைய போட்டோதான் சித்தி."

"ஆமா."

"பழைய போட்டோவிலேயே ரெண்டு பேரும் இவ்வளவு சாஞ்சிருக்காங்க."

"ஆமா."

"அப்படின்னா இந்நேரம் கல்யாணம் முடிஞ்சிருக்கும்."

சித்தி குனிந்து இரண்டு ஓரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பூனை சுவரில் நடந்தது. பகல் என்றாலும் விளக்கு எரிந்து அணைந்தது.

"அப்ப நான் இங்க என்ன பண்றேன்?" என்று கேட்டாள்.

"இங்க வந்திருக்கறது உங்க வெளிச்சம். நீங்க கல்யாண வீட்டுல பந்தி விசாரிச்சுக்கிட்டு இருப்பீங்க."

"என்ன புடவை கட்டியிருக்கேன்?"

"மாம்பழக் கலர்ல, அரக்கு பார்டர்."

"அது எனக்கு எடுப்பா இருக்கும்," என்றாள் சித்தி. பிறகு இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள். ஓரத்தோடு ஓரம் சரியாகச் சேர்ந்தது. "போய் அவங்ககிட்ட சொல்றேன். கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுட்டு, இப்பப் பொண்ணு புடிக்கலைன்னா எப்படி?"

மேலே பாப்பா நின்ற இடத்தில் பகலிலும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. சித்தி போனபோது அவளும் போனாள். மாப்பிள்ளை வீட்டில் மறுத்துப் பேசவில்லை என்று பிறகு தெரிந்தது. முடிந்துபோன கல்யாணத்தை யாரும் நிறுத்த முடியாது. சனிக்கிழமை அவர்களுக்கு மார்கழி பிறந்தது.

என் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தார். வாயைத் திறந்தால் கூடம் முழுக்க வெளிச்சமாக இருக்கிறது. "நம்ம கல்யாணம் ஆன புதுசுல நீ வெச்ச வத்தக்குழம்பு நல்லா இருந்துச்சு, குணா," என்றார் ஒருநாள் சாப்பிடும்போது. அது இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. சாம்பாரில் உப்பு போதாது என்றும் சொன்னார். அது எந்த வருஷத்து சாம்பார் என்று தெரியாததால் நான் உப்பு போடவில்லை.

மெஹருன்னிசா இப்போது பிரியாணிக்கு தம் போடும்போது மூடியின்மேல் கங்கு போடுவதில்லை. அங்கே நட்சத்திரத்தை வைத்துவிடுகிறாள். சோறு பதமாக வருகிறது. கோடி வீட்டில் இட்லி வெந்துவிட்டதா என்று திறக்காமலே பார்க்கிறார்கள். எல்லோருக்கும் உபயோகமாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை இறுக்கமாக மூடி வைத்தாலும் நட்சத்திரம் விழுந்த எந்தப் பாத்திரத்திலும் இருட்டு ஊறவில்லை. அந்த வெளிச்சம் பட்டு மற்ற வீடுகளில் இருந்ததும் வற்றிவிட்டது, எங்கள் தெருவில் இப்போது சொட்டு இருட்டு கிடையாது. இதை நான் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். சேமியாவையே போட்டிருக்கலாம்.

தை மாதம் சித்தி வந்தாள். மாம்பழக் கலரில்தான் இருந்தாள். பக்கத்தில் ஒரு குழந்தை, இன்னும் சரியாகச் சுழலத் தெரியாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது.

"பாப்பாவோட குழந்தைம்மா. மொட்டை போடறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துடணும்."

"பாப்பா எங்கே?"

"அவங்க ரெண்டு பேரும் பின்னால வந்துக்கிட்டு இருக்காங்க. பெரியவங்க வெளிச்சம் நடந்துதானே வரும். இது ஓடி வந்துடுச்சு."

நான் ஸ்டாண்டை ஊன்றினேன். தேங்கிய வெளிச்சத்தைக் கூட்டித் தள்ளினேன். பூனைக்குக் கருவாடு வைத்தேன். என் வீட்டுக்காரரிடம் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி உள்ளே அனுப்பினேன். இருட்டுக்கு மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. சித்தியிடம் எப்படிச் சொல்வது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

குழந்தைக்குப் பசி வந்துவிட்டது. வாயைப் பெரிதாகத் திறந்து அழுதது. உள்ளே எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வாயில் இருந்ததைவிட நல்ல இருட்டு, விளிம்பு வரைக்கும் இருந்தது.

உள்ளே போய்ப் பெரிய பாத்திரமாகப் பார்த்து எடுத்து வந்தேன். இந்தக் குழந்தைக்குத் திருப்பிக் கொடுக்கும்போது வாய்க்குள் என்ன போட்டுக் கொடுப்பது என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. இன்னும் பல் முளைக்கவில்லை.